நண்டரின் வாளி

மட்டக்களப்பில் பொலிசுக்கும் பெண்சாதிமாருக்கும் அடங்காத குடிகாரர்களை அடக்கி ஆண்டவர் நண்டர் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை.

வாவிக்கரையில், வாடகைக் கட்டடம் ஒன்றில், மலிவான சாராயத் தவறணை நடத்தினார். கந்தோரில் வேலை முடிந்தால் நாங்கள் நேரே அங்கேதான். உள்ளே போகிறவர் மோட்டார் சைக்கிளைப் பூட்டி, திறப்பை வாசலிலிருந்த வாளிக்குள் போடவேண்டும். வாளிக்குள் வாவி நண்டுகள் உயிரோடு கிடக்கும். திரும்பும்போது அவரவர் திறப்பை அவரவரே வெறுங்கையால் எடுக்கவேண்டும். நிதானமுள்ளவன் நண்டைப் பின்புறமாகப் பிடித்து ஒதுக்கிவிட்டு எடுத்துவிடுவான். மற்றவனுக்கு நடைதான்.

ஆங்கில வாத்தியார் ஒருவர் வாளிக்கு முன்னால் நின்று பிரசங்கமே செய்தார்.

"நான் நல்ல நிதானமா இரிக்கன்."

"அத என்னிட்டச் சொல்லாதீங்க சேர், நண்டுக்கிட்டச் சொல்லுங்க."

வாத்தியார் சொல்லிப் பார்த்தார். நண்டு ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கிழமை முழுவதும் இடக்கையால்தான் கரும்பலகையில் எழுதினாராம். தெருவேலை ஓவசியர் ஒருவர் குறடு கொண்டுவந்தார். நண்டு குறட்டைப் பிடித்துக்கொண்டது. "குறட்டையும் நாளைக்கு வந்து எடுங்க" என்றார் நண்டர்.

"இவ்வளவு கொழுத்திருக்கே அண்ணன், கறிக்கு ஒண்டு தரலாமே?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஸ்டாஃப், தம்பி. ஸ்டாஃபக் கறி வைக்கேலாது."

பிறகு வாடகை ஏறியது. ஏறிய வாடகை இறங்கவேயில்லை. கட்டடத்துக்காரர் வந்து, "கண்ணாடி போட்டு மேல அறை கட்டினா, வெளிநாட்டுக்காரன் வாவியப் பாக்கவே காசு தருவான். நீ தருவியா?" என்றார்.

"நாங்க வாவிக்கு முதுகக் காட்டித்தானே இருந்து குடிக்கிற, முதலாளி. அதக் கழிச்சுக் கொள்ளுங்க."

அவர் கழிக்கவில்லை. கடைசி நாள் மாலை நண்டர் வாளியை வாவிக்குள் கவிழ்த்தார். ஸ்டாஃப் ஓய்வுபெற்றபோது நாங்கள் எழும்பி நின்றோம்.

இப்போது அங்கே கோப்பிக் கடை. அதன் ஒரு கோப்பை விலைக்கு நண்டர் எங்கள் மேசை முழுவதற்கும் கடலையோடு ஊற்றியிருப்பார். பக்கத்துத் தவறணைகளும் இப்படியே போயின. பொடியன்மார் போத்தலை வாங்கிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறார்கள். அங்கே திறப்பை வாங்கி வைக்க ஆளில்லை.

போன மாதம் என் மகன் அப்படித்தான் திரும்பி வந்தான். பாலத்தடி வளைவில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தான். நடப்பான் என்று டொக்டர் சொல்கிறார். ஆனால் இன்றும் தொலைபேசி அடித்தால், குடிக்காமலே எனக்கு நிதானம் போய்விடுகிறது. அந்த வாளி இருந்தால் எனக்கே திறப்புக் கிடைக்காது.

ஆஸ்பத்திரியிலிருந்து மகனைக் கூட்டிவந்த மறுநாள், நண்டர் வாளியோடு வந்து நின்றார். உள்ளே ஒரேயொரு நண்டு.

"ஓய்வில போன ஒராளத் திருப்பி எடுத்திரிக்கன் தம்பி. பொடியன்ட திறப்ப இதுக்குள்ள போடுங்க."

கட்டிலில் கிடந்த மகன் கேட்டான்: "அங்கிள், கால் சுகமானா எடுக்கலாமா?"

"கால் சுகமாகட்டும் மனே. மறுகா நீயும் நண்டும் பேசி முடிவெடுங்க."

வாளி எங்கள் குசினியில் இருக்கிறது. கறி பற்றி மனைவி பேச்செடுத்தாள். ஸ்டாஃப் என்று சொல்லித் தடுத்துவிட்டேன். வாளித் தகரத்தில் நண்டு உரசுகிற சத்தம் பழைய மாலைகளை வீட்டுக்குள் கொண்டுவருகிறது.

நண்டர் அடிக்கடி வருகிறார். ஸ்டாஃப் டியூட்டி பார்க்கிறதா என்று பார்க்க வந்ததாகத்தான் சொல்வார். ஆனால் குசினிப் பக்கம் போக மறந்து, மகனின் கட்டிலடியில் அந்தக் காலைப் பார்த்தபடியே நெடுநேரம் நிற்பார்.