உணர்ந்தறியும் வாரம்

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளை மேம்படுத்துவதற்கென்றே அரசாங்கம் எங்கள் அலுவலகத்தை ஏற்படுத்தியிருக்கிறது. வாசலில் செங்குத்தான படிகள் உண்டு. படி ஏற முடியாதவர்கள் படியேறி உள்ளே வந்து, படி ஏற முடியவில்லை என்று மனுக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்த மனுக்களை நாங்கள் ஒன்றைக்கூடத் தொலைத்ததில்லை. நான் அங்கே எழுத்தர்.

எங்கள் இயக்குநர் வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குப் போய்வந்தார். போகும்போது ஒரு பெட்டியோடு போனவர், வரும்போது மூன்று பெட்டியும் ஒரு கொள்கையும் கொண்டுவந்தார்.

"அடுத்தவங்க கஷ்டத்தை உணராம உரிமையை மேம்படுத்த முடியாது" என்றார் கூட்டத்தில். "திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் நாம எல்லாருமே மாற்றுத்திறனாளிகள். உலகம் பூரா இப்ப இதான் செய்றாங்க."

உலகம் பூரா செய்கிற ஒன்றை நாங்கள் மட்டும் செய்யாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? சீட்டுக் குலுக்கினோம். விசாரணை ஜன்னலில் இருப்பவருக்குக் காது அடைப்பு விழுந்தது. பயனாளிகளை நேரில் பார்த்துச் சான்று எழுதும் சரிபார்ப்பு அதிகாரிக்குக் கண்கட்டு. நாள் முழுக்க எழுதுகிற எனக்கு வலது கையைக் கழுத்தோடு தூளி கட்டித் தொங்கவிட்டார்கள். தலைமை என்றால் தியாகம் என்று சொல்லி, சீட்டு எடுக்காமலேயே இயக்குநர் சக்கர நாற்காலியை ஏற்றுக்கொண்டார்.

நாற்காலிக்கு எங்கே போவது என்று யாரும் திண்டாடவில்லை. வழங்குவதற்காக வந்த நாற்காலிகள் பின்பக்கக் கிடங்கில் இருந்தன. அதில் பளபளவென்று இருந்த ஒன்றை எடுத்து வந்தோம். கைப்பிடியில் யாரோ ஒரு பயனாளியின் பெயர் எழுதிய அட்டை தொங்கியது. அவிழ்த்தால் ஒழுங்கீனம் என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டோம்.

அந்தப் பயனாளி திங்கட்கிழமை காலையிலேயே வந்து சேர்ந்தாள். தையல்காரி. இரண்டு காலும் சின்ன வயதிலேயே போய்விட்டவை. தம்பி ஆட்டோ ஓட்டுகிறவன். அக்காவைத் தூக்கிக்கொண்டு படியேறி, மூச்சு வாங்க விசாரணை ஜன்னல் முன்னால் நின்றான்.

"சார், அக்காவுக்கு நாற்காலி சாங்ஷன் ஆயிடுச்சுன்னு தகவல் வந்துது."

விசாரணைக்காரர் காதைத் தொட்டுக் காட்டி, கையை விரித்துச் சிரித்தார்.

"சார்! நாற்காலி!"

"எனக்குக் கேக்காதுப்பா. வெள்ளிக்கிழமை வரைக்கும் கேக்காது" என்றார் அவர் தெளிவாக.

அந்த நேரம் பார்த்து இயக்குநர் நடைவழியில் உருண்டு வந்தார். தையல்காரியின் இடுப்பளவுக்குச் செய்த நாற்காலி அது. எங்கள் இயக்குநர் அதில் உட்கார்ந்திருந்தார் என்று சொல்வதைவிடத் திணிக்கப்பட்டிருந்தார் என்று சொல்வதே பொருந்தும். அவள் அட்டையைப் பார்த்துவிட்டாள்.

"சார், அது என் நாற்காலி."

"உனக்காகத்தாம்மா உக்காந்திருக்கேன்" என்றார் இயக்குநர். அவர் கண் கலங்கியிருந்தது. "உன் கஷ்டத்தை நான் உணரணும்ல?"

"நான் அதை உணர்ந்து ரொம்ப நாள் ஆச்சு சார். நாற்காலியக் குடுத்தீங்கன்னா போயிடுவேன். சீருடை தைக்கிற கம்பெனியில வேலை சொல்லியிருக்காங்க. தூக்கிட்டு வந்து உக்கார வெக்க எங்களுக்கு ஆள் கிடையாது, நாற்காலியோட வான்னுட்டாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் எனக்காக எடத்த வெச்சிருப்பாங்க."

"பாத்தியா, எவ்வளவு பொருத்தம்! நம்ம வாரமும் வெள்ளிக்கிழமைதான் முடியுது. விழா முடிஞ்ச கையோட எடுத்துக்கோ. அதுக்குள்ள சரிபார்ப்பை முடிச்சுக்கோ."

சரிபார்ப்பு அதிகாரி கண்ணில் கறுப்புத் துணியோடு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பயனாளிய நான் கண்கூடாப் பார்த்தாத்தான் எழுத முடியும்" என்றார் சுவரிடம்.

"கட்டை ஒரு நிமிஷம் அவுத்துட்டுப் பாருங்களேன் சார்" என்றான் தம்பி.

"அது மாற்றுத்திறனாளிகளுக்கு நான் செய்ற துரோகம்" என்றார் அவர். குரலில் உண்மையான கோபம் இருந்தது.

தம்பிக்குக் கை பரபரத்தது. அக்காதான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு இயக்குநர் வெளியே போகப் புறப்பட்டபோதுதான் வாசலில் படி இருப்பது அலுவலகத்துக்குத் தெரியவந்தது. உச்சிப்படியில் நாற்காலியை நிறுத்திக் கீழே பார்த்தார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இதென்ன அநியாயம்? மனுஷன் எப்படி இறங்குறது?"

உரிமைகள் இவ்வளவு வேகமாக மேம்பட்டு நான் பார்த்ததேயில்லை. சாயங்காலத்துக்குள் பொறியாளர் வந்து, படிமேல் இரும்புச் சட்டம் போட்டுப் பலகையில் அருமையான சரிவுப்பாதை அமைத்துவிட்டார். மறுநாள் கழிப்பறைக் கதவு அகலமானது. குடிநீர்க் குழாய் இடுப்பளவுக்கு இறங்கியது. நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் செத்துக் கிடந்த லிஃப்ட் ஒரு முனகலோடு உயிர்பெற்றது. இடது கையால் நான் இதையெல்லாம் சாதனைகள் என்று கோழி கிறுக்குவதுபோல் எழுதிவைத்தேன்.

தையல்காரி தினமும் வந்தாள். சான்று எழுதுகிறவர் தினமும் சுவரைப் பார்த்தார். ஆனாலும் அவள் முகம் நாளுக்கு நாள் மலர்ந்துகொண்டே வந்தது. வியாழக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்து குழாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் சொன்னாள்:

"பெரிய மனுஷன் ஒருத்தர் உக்காந்தா எல்லாம் நடக்குதுடா. நாம இத்தன வருஷமா உக்காந்து என்ன பிரயோஜனம்?"

வெள்ளிக்கிழமை நிறைவு விழா. மந்திரி வந்தார், கேமராக்கள் வந்தன. கம்பெனி மூடுவதற்குள் போய்விடலாம் என்று தம்பி ஆட்டோவை வாசலிலேயே திருப்பி நிறுத்தியிருந்தான். அக்காவை முதல் வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தோம். விழாவுக்கு ஒரு பயனாளி வேண்டுமல்லவா?

மேடையில் இயக்குநர் மைக்கைப் பிடித்து, இந்த ஐந்து நாளில் தான் பட்ட பாட்டைச் சொல்லி அழுதார். பிறகு இரண்டு பேர் நாற்காலியை இழுத்துப் பிடிக்க, அதிலிருந்து விடுபட்டு எழுந்து நின்றார். கண்கட்டு அவிழ்ந்தது. காது திறந்தது. என் தூளியையும் கழற்றினார்கள்.

மந்திரிக்குப் புல்லரித்துவிட்டது. எழுந்துவந்து பேசினார்:

"திங்கட்கிழமை இந்த அலுவலகத்தில் அத்தனை பேரும் மாற்றுத்திறனாளிகள். இன்று ஒருவர்கூட இல்லை! ஒரே வாரத்தில்! இத்திட்டம் எல்லா அலுவலகங்களுக்கும் விரிவுபடுத்தப்படும். இயக்குநர் அமர்ந்த இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க நாற்காலி கண்ணாடிப் பேழையில் நிரந்தரமாகப் பாதுகாக்கப்படும். அனைவரும் எழுந்து நின்று கைதட்டுங்கள்!"

எல்லோரும் எழுந்தோம். முதல் வரிசையில் ஒருத்தி மட்டும் எழவில்லை. மந்திரியின் புருவம் நெளிந்தது. இயக்குநர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஓடினேன்.

"கொஞ்சம் எழுந்திரும்மா. உனக்காகத்தான் கைதட்டுறாங்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த நாற்காலி எனக்குக் கிடையாதா சார்?"

"கண்ணாடிக்குள்ள பத்திரமா இருக்கும்மா. எப்ப வேணும்னாலும் வந்து பாக்கலாம்."

அவள் அழவில்லை. "வாடா போகலாம்" என்றாள் தம்பியிடம். அவன் குனிந்து அவளை வாரித் தூக்கினான். பின்வரிசைகளுக்கு அவன் தெரியவில்லை. கூட்டத்துக்கு மேலே எழும்பிய அவள் தலைதான் தெரிந்தது.

"எழுந்துட்டாங்க!" என்று யாரோ கத்தினார்கள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மந்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்கட்டு அவிழ்ந்த மகிழ்ச்சியில் இருந்த சரிபார்ப்பு அதிகாரி அவசரமாகப் பேனாவைத் திறந்தார்.

"கண்கூடாப் பார்த்தாச்சு" என்றார் என்னிடம். "நல்லாவே எழுந்திருக்காங்க. நாற்காலி தேவையில்லைன்னு எழுதிடறேன்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தம்பி வாசலுக்குப் போனான். நானும் கைதட்டிக்கொண்டே பின்னால் போனேன். சரிவுப்பாதை லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. பயனாளிகள் அனைவரும் எழுந்துவிட்டதால் அதற்கு இங்கே வேலை இல்லை. திங்கட்கிழமையிலிருந்து வரி அலுவலகத்தில் இதே வாரம். பழைய படிகள் மரத்தூளோடு வழுக்கலாகக் கிடந்தன. முதல் படியில் தம்பிக்குக் கால் தடுமாறியது.

"பாத்துடா" என்றாள் அவள். "கம்பெனிக்கே விடு. பட்டன் தைக்கவாவது எடுத்துப்பாங்களான்னு கேப்போம்."

பிறகு அவன் தோளுக்கு மேலாக என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார், உங்க கை சரியாயிடுச்சுல்ல? படி இறங்குற வரைக்கும் கொஞ்சம் பிடிங்களேன்."

பிடித்திருப்பேன். உள்ளே மந்திரி இன்னும் நின்றுகொண்டிருந்தார். கைதட்டலை நிறுத்தச் சொல்லி உத்தரவு எதுவும் வரவில்லை. என் இரண்டு கையும் வேலையாக இருந்தன.