மெம்ஃபிஸ் இன்னும் கூப்பிடவில்லை

போன் அடித்ததும் வீடே எழுந்து நின்றது.

ஜமாரியோ சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்து, போனைக் காதில் வைத்தான்.

"எஸ் சார்."

அடுப்படியில் ஓசெல்லா பெரியம்மா, சோளமாவில் புரட்டிய கெளுத்தி மீன் துண்டைக் காய்ந்த எண்ணெய்க்கு மேலே பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"எஸ் சார். ஆமா சார். ரொம்ப நன்றி சார்."

அம்மா வெர்லீன் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது.

"இல்ல சார்," என்றான் ஜமாரியோ, குரல் இறங்கிப்போய். "என்கிட்ட காரே கிடையாது சார்."

பழைய காருக்கு உத்தரவாதம் விற்கிறவன்.

"அவனுக்கு எதுக்குடா மூணு தடவை எஸ் சார் போட்டே?" என்றாள் ரெனீட்டா.

"குரல் கட்டையா இருந்துச்சுக்கா. அணி ஓனர்னு நெனச்சுட்டேன்."

சனிக்கிழமை மத்தியானம். டிராஃப்டின் மூன்றாவது நாள். நாட்டிலுள்ள அணிகள் எல்லாம் முறைவைத்து, கல்லூரியில் கால்பந்து ஆடி முடித்த பையன்களை ஒவ்வொருவராகப் பொறுக்கி எடுக்கும். காலால் உதைப்பதைவிடக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனைக் கட்டிப்பிடித்துத் தள்ளுவதுமே அதிகமான கால்பந்து அது. முதல் இரண்டு நாளில் போகிறவர்கள் கோட்டு மாட்டி மேடையேறுவார்கள். மூன்றாம் நாள்காரர்கள் வீட்டில் உட்கார்ந்து போனைப் பார்ப்பார்கள். ஜமாரியோவுக்கு ஒரு ஏஜெண்டும் இருந்தார். அவர் தன்னுடைய கோட்டுப் பையன் ஒருவனோடு எங்கோ விருந்தில் இருந்தார்.

மெம்ஃபிஸ் அணிக்கு ஆள் பார்த்துத் தருகிற டாப்னி என்பவர் போன மாதம் அவர்கள் ஊரான கிளார்க்ஸ்டேலுக்கே வந்து, இதே சோபாவில் உட்கார்ந்து, சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரம் இரண்டு துண்டு தின்றுவிட்டுச் சொன்னார்: "சனிக்கிழமை எங்க முதல் முறை உங்க பையனுக்குத்தாம்மா. போன் பக்கத்துலயே இருக்கச் சொல்லுங்க."

அன்றிலிருந்து வெர்லீனுக்குத் தரையில் கால் படவில்லை. மகன் படித்த கல்லூரி நாட்டின் மறுகோடியில் இருந்தது. அவள் விமானம் ஏறமாட்டாள். சனிக்கிழமைகளில் ஆட்டம், சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. கல்லூரிக் காலம் முழுக்க ஒரு ஆட்டம்கூட நேரில் பார்த்ததில்லை. மெம்ஃபிஸ் என்றால் பருத்திக் காட்டு வழியே காரில் போய்விட்டு, படுக்கிற நேரத்துக்கு வீடு திரும்பிவிடலாம். ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பிரசங்கத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளும்படி போதகரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டாள்.

போன் மறுபடி அடித்தது. வீடு மறுபடி எழுந்தது. இந்த முறை அடித்தது லெஸ்டர் மாமாவின் போன்.

"எல்லாரும் ஒரே மணியை வெச்சிருந்தா மனுஷன் எப்படி உயிரோட இருக்கறது?" என்று கத்தினாள் ரெனீட்டா.

"நீதானேம்மா எல்லாருக்கும் போன்ல மணி வெச்சுக் குடுத்தே," என்றார் லெஸ்டர் மாமா. கெளுத்திப் பண்ணையில் குளம் பார்க்கிறவர். "படிச்ச புள்ள வெச்சது நல்லாத்தான் இருக்கும்னு நாங்க யாரும் மாத்தல."

அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் ரெனீட்டா. அதற்குத் தண்டனையாக, கரண்டு பில்லிலிருந்து பெரியம்மாவின் காது மெஷின் வரைக்கும் அவள் தலையில்தான் விழும். சரியாக நடந்தால் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். தப்பானால், 'இதுக்குத்தான் காலேஜுக்கு அனுப்புனோமா?'

கீரை வேகவைக்கிற பெரிய அண்டாவை எடுத்து வந்தாள். "எல்லாரும் போனைப் போடுங்க இதுல. தம்பி போன் மட்டும் வெளிய இருக்கும்."

போட்டார்கள். மூடினாள். அண்டாவுக்குள்ளிருந்து போன்கள் கோயில் மணி மாதிரி முழங்கத் தொடங்கின. அண்டாவைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்வாசலில் வைத்தாள்.

அடுத்தது ஜமாரியோவின் போன். கடன் அட்டைக்காரன், பல் ஆஸ்பத்திரி, பூச்சிமருந்து அடிக்கிறவன். ஒவ்வொருவனுக்கும் ஓர் "எஸ் சார்."

"குடுடா இங்க." பேர் தெரியாத எண்ணிலிருந்து வந்தால் போன் வாயே திறக்காதபடி செய்தாள். "டாப்னி நம்பர் பேரு போட்டு இருக்கு. அவரு கூப்பிட்டா அடிக்கும். மத்த பயலுக அடிக்கமாட்டான்."

"படிச்ச புள்ள," என்றாள் பெரியம்மா, பூரித்துப்போய்.

ஆனால் பேர் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே! முடிவெட்டுகிறவர், பள்ளிக்கூடத்துக் காதலி, அவளுடைய அம்மா, சித்தப்பா வீட்டுப் பையன்கள் அத்தனை பேரும் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: "கூப்பிட்டாங்களா?"

"நீ கூப்பிட்டுக்கிட்டிருந்தா அவன் எப்படிக் கூப்பிடுவான்?" என்று ஒவ்வொருவருக்கும் ரெனீட்டா விளக்கினாள். கடைசியில் பொறுமை போய், டாப்னி ஒருவரின் எண்ணைத் தவிர உலகத்தில் வேறு யார் கூப்பிட்டாலும் அடிக்காதபடி போனை இறுக்கிவிட்டாள். சுவர் அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். "யாரும் தொடக்கூடாது. எடுத்து எடுத்துப் பாத்தா சார்ஜ் போயிடும்."

ஆசிக்கு இருக்கட்டும் என்று பெரியம்மா அதன்மேல் தன் பைபிளை வைத்தாள்.

வீடு அமைதியானது. அந்த நாளிலேயே அழகான அமைதி அதுதான்.

டிவியில் மெம்ஃபிஸ் பெயர் வந்தது. ஓரத்தில் அந்த முறைக்கான நேரத்தைக் காட்டும் கடிகாரம் இறங்க ஆரம்பித்தது. பெரியம்மா மீனை எண்ணெயில் விட்டாள். சுடச்சுட மீன் வாயில் இருக்கும்போது நல்ல செய்தி வரவேண்டும் என்பது அவள் கணக்கு. ஜமாரியோ அலமாரியைப் பார்த்தான். எல்லோரும் அலமாரியைப் பார்த்தார்கள்.

கடிகாரம் கடைசி நொடிக்கு வந்தபோது டிவிக்காரன் சொன்னான்: மெம்ஃபிஸ் தன் முறையை வேறொரு அணிக்குக் கொடுத்துவிட்டது.

"என்ன மாமா இது?"

லெஸ்டர் மாமா காலை நீட்டி உட்கார்ந்தார். அவருக்கு இதைவிடச் சந்தோஷமான கேள்வி கிடையாது. "இதுக்குப் பேரு கீழே இறங்கறது. முன்னாடி இருக்கற முறையை ஒருத்தனுக்குக் குடுத்துட்டு, அவனோட பின்னாடி முறையையும் கூட இன்னொண்ணையும் வாங்கிக்கறது. பெரிய மீனைக் குடுத்துட்டு நடுத்தர மீனா ரெண்டு வாங்கற மாதிரி. நம்ம பையன் அப்பவும் மிச்சம் இருப்பான்னு தெரியும், அதான் தைரியமா எறங்குறான். மூளைக்காரனுக!"

"அப்ப வருவானுகளா?" என்றாள் வெர்லீன்.

"அடுத்த சுத்துல வருவான். கடைசி நொடி வரைக்கும் இழுத்தான் பாரு பேரத்தை!"

மீனைத் தின்றார்கள். சுடவில்லை.

அடுத்த சுற்றில் மெம்ஃபிஸ் பெயர் வந்தது. மீன் எண்ணெய்க்குள் போனது. கடிகாரம் கடைசி நொடி வரை இறங்கியது. மெம்ஃபிஸ் மறுபடி கீழே இறங்கியது.

"இப்ப மூணு மீனு," என்றார் லெஸ்டர் மாமா. குரலில் முன்பிருந்த தெம்பு இல்லை.

"தம்பியை வெச்சு வியாபாரம் பண்றானுக," என்றாள் ரெனீட்டா. "நம்ம வீட்டுக் கிழங்குப் பலகாரத்தைத் தின்னுட்டு, நம்ம அம்மா முகத்தைப் பாத்துச் சொல்லிட்டுப் போனான். இவனுகளுக்கு நாம சில்லறை. மாத்திக்கிட்டே இருப்பானுக."

"அக்கா, மெதுவா."

"எதுக்குடா மெதுவா? நீ எஸ் சார் எஸ் சார்னு சொல்லிச் சொல்லியே இப்படி ஆயிட்டே."

மூன்றாவது தடவையும் இறங்கினார்கள். ரெனீட்டா பின்வாசலுக்குப் போய், அண்டாவைத் திறந்து, தன் போனை எடுத்து டாப்னிக்குக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. 'உங்கள் செய்தியைச் சொல்லுங்கள்' என்றது. சொன்னாள்.

"மிஸ்டர் டாப்னி, நான் ரெனீட்டா டாலிவர். எங்கம்மா வேலைக்குச் சேந்த நாள்லேருந்து மொத தடவையா சனிக்கிழமை லீவு எடுத்துட்டு உட்கார்ந்திருக்கா. வாக்கு குடுக்கத் தெரியுது, ஒரு போன் பண்ணத் தெரியல உங்களுக்கு. எடுக்கறதா இல்லைன்னா இல்லன்னு சொல்லித் தொலைங்க. மனுஷங்களை மீன் மாதிரி எடை போட்டு விக்கிற உங்க ஊரு எங்களுக்கு வேண்டாம். இன்னொண்ணு. அந்தக் கிழங்குப் பலகாரம் எங்கம்மா ஈஸ்டருக்குன்னு செஞ்சு வெச்சது."

திரும்பினால் ஜமாரியோ நின்றுகொண்டிருந்தான். வாசற்படியை நிறைக்கிற உடம்பு. முகம் மட்டும் குழந்தையுடையது.

"அக்கா, என் பொழப்பையே முடிச்சுட்டியே."

"நானாடா முடிச்சேன்? அவனுக முடிச்சானுக."

"ஒருவேளை கூப்பிடறதா இருந்தாக்கூட, இனிமே கூப்பிடுவாங்களா?"

வாய் இருக்கிற அளவுக்கு யோசனை இருந்திருக்கலாம் என்று அவளுக்கே தோன்றியது. போனை மறுபடி அண்டாவுக்குள் போட்டு மூடினாள்.

சாயங்கால வெயில் சோபாவுக்கு வந்தது. நல்ல சேதி கேட்க வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக, "அடுப்புல வெச்சுட்டு வந்தேன்" என்று நழுவினார்கள். கொண்டாட்டத்துக்கென்று மெம்ஃபிஸ் அணியின் நீல நிறத்தில் சர்க்கரை பூசி வைத்திருந்த கேக்கின்மேல் பெரியம்மா ஒரு துணியைப் போட்டு மூடினாள். இழவு வீட்டில் கண்ணாடியை மூடுவது மாதிரி இருந்தது.

வெர்லீன் மடியில் ஒரு பை இருந்தது. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பை. மைதானத்துக்குள் அந்த மாதிரிப் பையைத்தான் விடுவார்கள் என்று யாரோ சொல்ல, டாப்னி வந்துபோன மறுநாளே வாங்கிவிட்டாள். உள்ளே புதினா மிட்டாய், ரத்தக்கொதிப்பு மாத்திரை, கைக்குட்டை, சின்னதாக ஒரு தொலைநோக்கி. மிட்டாயை எடுத்து மாத்திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்புறம் மாத்திரையை எடுத்து மிட்டாய்க்குப் பக்கத்தில் வைத்தாள்.

"போதும் விடும்மா," என்றாள் ரெனீட்டா, பக்கத்தில் உட்கார்ந்து.

"அவன் ஜெயிக்கறதப் பாக்கணும்னெல்லாம் நான் கேக்கல," என்றாள் வெர்லீன். "உக்காந்து தண்ணி குடிக்கறதப் பாத்தாப் போதும். டிவில எப்பவும் அவன் தண்ணி குடிக்கப் போனதும் வெளம்பரத்தைப் போட்டுடறான். மூச்சு வாங்குறானா, அடி பட்டிருக்கா, யாராச்சும் அவன் முதுகுல தட்டுறாங்களா... ஒண்ணும் தெரியாது. சோப்புத் தூள்தான் தெரியும்."

ரெனீட்டா டிவியைப் பார்த்தாள். திட்ட யாருமில்லாததால் டிவியை முறைத்தாள்.

"மேற்குக் கடற்கரைக்காரன் எவனாச்சும் எடுத்தாலும் நல்லதுதான்," என்று வெர்லீன் தனக்கே சொல்லிக்கொண்டாள். "விமானம்னா என்ன, கண்ணை மூடிக்கிட்டா ஒண்ணும் தெரியாதாமே."

ஜமாரியோ எழுந்துபோய் அடுப்படிச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்.

கடைசிச் சுற்று. அதிலும் கடைசிக் கடைசி முறைகள். டிவியில் மெம்ஃபிஸ் பெயர் வந்தபோது லெஸ்டர் மாமா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"மீனு போடவா?" என்றாள் பெரியம்மா.

"வேணாம் பெரியம்மா."

கடிகாரம் இறங்கியது.

பைபிள் அதிர்ந்தது.

ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. பைபிள் மறுபடி அதிர்ந்து, அலமாரியில் கொஞ்சம் நகர்ந்தது. ரெனீட்டா பாய்ந்தாள். வேதப் புத்தகத்தை ஒரு கையால் மாமாவிடம் எறிந்து, மறுகையால் போனை எடுத்தாள். திரையில் டாப்னி. திட்டியதைக் கேட்டுவிட்டுத்தான் கூப்பிடுகிறார். தம்பி கேட்கவேண்டாம், அடி தனக்கே விழட்டும் என்று போனைத் தன் காதிலேயே வைத்தாள்.

"மிஸ்டர் டாப்னி, அந்தச் செய்தியில பேசினது நான். என் தம்பி இல்ல. அவன் நல்லவன். கோவம் என்மேல வெச்சுக்குங்க."

மறுமுனையில் மூச்சு வாங்கியது. ஓடி வந்தவரின் மூச்சு.

"ஏம்மா, டிராஃப்ட் நடக்கற ரூமுக்குள்ள எங்க போனை எல்லாம் வாசல்லயே புடுங்கி வெச்சுக்குவாங்க, ரகசியம் வெளிய போயிடும்னு. நான் இப்பத்தான் காவல்காரன்கிட்ட கெஞ்சி என்னோடத வாங்கியாந்தேன். பையன் குரலைக் காதால கேக்காம எங்க முதலாளி யார் பேரையும் எழுதமாட்டாரு. உள்ள இருக்கற போன்லேருந்து நாலாவது சுத்துல கூப்பிட்டோம், அஞ்சாவதுல கூப்பிட்டோம், ஆறாவதுல கூப்பிட்டோம், ஒருத்தரும் எடுக்கல. இவனை விட்டுட்டு வேற ஒருத்தனை எடுக்க அவருக்கு மனசு வராம, ஒவ்வொரு தடவையும் முறையை வித்து வித்துக் கீழே இறங்கிட்டே வந்தோம். இதுக்குக் கீழே இறங்க இடமில்ல, சீக்கிரம் தம்பிகிட்ட போனைக் குடும்மா!"