ஒரு சென்சரும் ஒரு செத்தவீடும்

பழைய கார் வைத்திருப்பவன் சொல்வதை இந்த உலகத்தில் ஒருவரும் நம்புவதில்லை. வயிற்றுவலி என்றால் நம்புவார்கள். வீட்டுக்குள் பாம்பு வந்தது, இப்போது காணவில்லை என்றால்கூடத் தடியோடு வந்து தேடிப் பார்ப்பார்கள். "கார் இடைக்கிடை நிக்குது, ஆனா இப்ப நல்லா ஓடுது" என்று சொல்லிப் பாருங்கள். உங்களைத்தான் மேலும் கீழும் பார்ப்பார்கள், கழன்றது காரில் இல்லை என்பதுபோல.

நான் திருகோணமலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கும் ஆசிரியன். நாலைந்து வருடங்களுக்கு முன்பு என் கார் முதன்முதலாக மணிக்கூட்டுக் கோபுரச் சந்தியில் நின்றது. அப்போதே அதற்கு இருபது வயது. இருமவில்லை, முக்கவில்லை. சுவிட்சை அணைத்ததுபோல் எஞ்சின் பொசுக்கென்று அடங்கியது. பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் பத்து ஓட்டோ, எல்லாம் என் காதுக்குள் ஹோர்ன் அடித்தன. இருபது நிமிடம் கழித்துத் திறப்பைத் திருகினேன். ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது.

அடுத்த வாரம் சல்லி என்ற கடற்கரைக் கிராமத்துக்குப் போய் இரண்டு கிலோ பாரை மீன் வாங்கிக்கொண்டு வரும்போது நடுவெயிலில் நின்றது. அது மனம் மாறி ஓடச் சம்மதித்தபோது மீன் மனம் மாறிவிட்டிருந்தது. மூன்றாவது தடவை கடற்கரைப் பக்கம். அங்கே மேயும் மான்களில் ஒன்று ஜன்னலுக்குள் தலையை நீட்டி என்னைப் பார்த்தது. (அந்தப் பார்வையில் இருந்த இளக்காரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.)

வீட்டில் சொன்னேன். என் மனைவி வதனி சிரித்தாள்.

"நான் ஓடேக்க ஒருநாளும் நிண்டதில்லையே. நீங்கள் கிளச்சை ஒழுங்கா அமத்திறேல்ல போல."

"வதனி, இது ஓட்டோ கியர் கார். இதில கிளச்சே இல்லை!"

"அப்ப வேற எதையோ அமத்திறேல்ல."

அவள் வேலை செய்யும் கந்தோர் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம். எஞ்சின் சூடாவதற்கு முதல் அவள் இறங்கிவிடுவாள். இதை நான் எடுத்துச் சொன்னேன். படம் கீறியும் காட்டினேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

துறைமுகத்துக்குப் போகும் வழியில் கராஜ் வைத்திருக்கும் நசீர் நானாவிடம் போனேன். குறிஞ்சாக்கேணிக்காரர், கை சுத்தம், வாய் மென்மை. ஸ்கேனரைக் காரில் கொழுவிப் பார்த்தார்.

"ஒரு பிழையும் காட்டல்ல சேர். கார் சுகமா இருக்கு."

"நானா, அது நிக்குது!"

"இப்ப ஓடுதே சேர்."

நாலு தரம் போனேன். பெற்றோல் பில்டரை மாற்றினார், பிளக்கை மாற்றினார், பற்றரியை மாற்றினார். கார் அதற்குப் பிறகும் நின்றது. ஸ்கேனரோ அதற்கு நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டே இருந்தது. ஒரு கையகலப் பெட்டி சொன்னால் வேதவாக்கு, பதினெட்டு வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன் சொன்னால் பிரமை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நானே இறங்கினேன். கார் எப்போது நிற்கிறது, எத்தனை நிமிடம் ஓடியபின் நிற்கிறது, வெயிலா மழையா என்று ஒரு மாதம் குறித்துவைத்தேன். வரைபுத்தாளில் இரண்டு நிறப் பேனாவால் வரைபு கீறினேன். இரவும் பகலும் போனில் கார் வீடியோ பார்த்தேன்; இடையில் தொந்தரவு செய்த பாடசாலை வட்ஸ்அப் குழுவின் வாயையும் அடைத்தேன். (இந்த ஒரு விஷயத்தில் பிழை என்னுடையது. ஒத்துக்கொள்கிறேன்.) கடைசியில் கள்ளனைப் பிடித்தேன்.

எஞ்சின் சுற்றுகிறது என்று காரின் கணினிக்குச் சொல்வதற்கு ஒரு சின்னச் சென்சர் இருக்கிறது. பழசானால் அது சூட்டில் வாயடைத்துப்போகும். அது பேசாவிட்டால், எஞ்சின் நின்றுவிட்டது என்று நினைத்துக் கணினி பெற்றோலையும் நெருப்பையும் நிறுத்திவிடும். ஆறியதும் சென்சர் மறுபடி பேசும். ஸ்கேனர் வரும் நேரத்தில் நல்ல பிள்ளையாக இருக்கும்.

நசீர் நானா என் வரைபைத் தலைகீழாகப் பிடித்து மரியாதையோடு பார்த்தார்.

"வடிவாக் கீறியிருக்கிறீங்க சேர். ஆனா ஓடிட்டிருக்கிற சாமானக் கழட்டி எறிய ஏலாது. எனக்கு முன்னால ஒருக்கா நிக்கட்டும். அடுத்த நாளே மாத்தித் தாறன்."

சவாலை ஏற்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில் தொடங்கும் நேரம் பார்த்து, நானாவை முன் சீற்றில் இருத்தினேன். சாட்சிக்கு வதனியைப் பின் சீற்றில் ஏற்றினேன். உவர்மலை ஏற்றத்தில் ஏறினேன், இறங்கினேன், திரும்ப ஏறினேன். நிலாவெளி றோட்டில் போய்ச் சல்லிப் பக்கம் திருப்பி வந்தேன். ஏசியை முழுதாகப் போட்டு எஞ்சினைப் பிழிந்தேன். அந்தச் சனியன் பிடித்த கார் வாழ்நாளில் இல்லாத அழகோடு ஓடியது. நானா கண்ணயர்ந்துவிட்டார்.

"இவ்வளவு நல்லா ஓடுற கார் இந்த ஊரிலயே இல்லை" என்றாள் வதனி.

சல்லியில் அம்மன் கோயிலைக் கடக்கும்போது மனதுக்குள் நேர்த்தி வைத்தேன். தன் கார் பழுதாக வேண்டும் என்று அம்மனிடம் கெஞ்சிய முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

திரும்பும் வழியில் அன்புவழிபுரத்துக்குள் ஒரு சின்ன வீதியில் விட்டேன். இரண்டு பக்கமும் வாகனங்கள். ஊர்ந்துதான் போகலாம். நல்லது, ஊர்ந்தால் சூடேறும். என் கண் சூடு காட்டும் முள்ளிலேயே இருந்தது.

"இஞ்சேருங்கோ, வெள்ளைக்கொடி கட்டியிருக்கு. செத்தவீடு போலக் கிடக்கு. திருப்புங்கோ."

"பொறும். முள்ளு ஏறுது."

"சனம் நிக்குதப்பா!"

பொசுக்.

எஞ்சின் நின்றது. ஒரு வீட்டு வாசலுக்கு நேர் முன்னால். மூன்று மாத அவமானம் முழுவதும் என் நெஞ்சிலிருந்து வெடித்துக் கிளம்பியது. கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தேன். இரண்டு கையையும் மேலே தூக்கித் தட்டினேன்.

"செத்துப்போச்சு! செத்துப்போச்சு! நான் சொன்னனானோ இல்லையோ! மூண்டு மாதமா இழுத்துக்கொண்டு கிடந்தது, இண்டைக்குத்தான் போச்சு! ஒருத்தரும் நம்பேல்லையே, இப்ப எல்லாரும் வந்து பாருங்கோ!"

அதுவரை அடித்துக்கொண்டிருந்த பறை, பெட்டியை வாசலால் வெளியே எடுப்பதற்காக அந்த நிமிடம் பார்த்து நின்றிருந்தது. ஆகவே என் குரல் வீதி முழுக்கத் தெளிவாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பெட்டியைத் தூக்கிய ஆறு பேர். அவர்களுக்கு முன்னால், வெறும் மேலோடு, நெருப்புச் சட்டியைப் பிடித்தபடி எங்கள் பாடசாலை அதிபர்.

தொண்ணூறு தாண்டிய அவருடைய தகப்பனார் உண்மையாகவே மூன்று மாதமாக இழுத்துக்கொண்டு கிடந்தவராம். செய்தி வட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக இருந்ததாம்.

"சேர்..." என்றேன். தட்டிய கைகள் இன்னும் மேலேதான் நின்றன. "நான் காரைச் சொன்னனான்."

அதிபர் நெருப்புச் சட்டியை மறு கைக்கு மாற்றினார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர்தான் கேட்டார்: "கார் செத்ததுக்கோ தம்பி இவ்வளவு சந்தோசம்?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல என் வரைபுத்தாள் கையில் இல்லை. வதனி பின் சீற்றில் குனிந்து, சேலைத் தலைப்பால் முகத்தை முழுதாக மூடியிருந்தாள்.

கார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் பெட்டி வெளியே வர முடியவில்லை. ஆகவே இழவுக்கு வந்த சனம் எட்டுப் பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் காரைத் தள்ளினார்கள். என் சக ஆசிரியர்கள் மூன்று பேர் அதில் இருந்தார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. முப்பது அடி தள்ளி ஒரு மதிலோரம் விட்டார்கள். இனி வாயே திறப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டேன்.

அப்போதுதான் நசீர் நானாவுக்கு என்மேல் நம்பிக்கை வந்து தொலைத்தது. பொனட்டைத் திறந்தார்.

"நீங்க சொன்ன சென்சர் இதான் சேர். தண்ணி ஊத்தி ஆத்திப் பாப்பம். இப்பயே ஸ்டார்ட் ஆனா அதேதான்."

போத்தல் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். இருபது நிமிடம் காத்திருக்கவே தேவைப்படவில்லை. திறப்பைத் திருகினேன். முதல் திருகிலேயே எஞ்சின் உறுமியது! சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம்! இதற்குமேல் என்ன பரிசோதனை வேண்டும்? ஒரு பௌதிகவியல் ஆசிரியன் இந்த இடத்தில் எப்படிச் சும்மா இருப்பான், நீங்களே சொல்லுங்கள். ஜன்னலால் தலையை நீட்டிக் கத்தினேன்.

"உயிர் வந்திட்டுது! பாருங்கோ, உயிர் வந்திட்டுது!"

பெட்டியைத் தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். வாசலில் அழுதுகொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். "என்ன, அசையிறாரோ?" என்று ஒருவர் கேட்டார். பெட்டியை றோட்டில் இறக்கினார்கள். இரண்டு பேர் குனிந்து, உண்மையாகவே குனிந்து, பார்த்தார்கள். அதற்குமேல் நடந்ததை நான் பார்க்கவில்லை. "எடுங்க சேர், எடுங்க, எடுங்க" என்று நானா என் தொடையில் அடித்தார். எடுத்தேன்.

மறுநாளே சென்சரை மாற்றினார். அன்றிலிருந்து அந்தக் கார் ஒருநாள்கூட நின்றதில்லை. இதை யாராவது கதைக்கிறார்களா? நோயை ஸ்கேனர் கண்டுபிடிக்கவில்லை, கராஜ் கண்டுபிடிக்கவில்லை, நான் கண்டுபிடித்தேன். ஊரில் இருப்பது இந்தக் கதை இல்லை.

முப்பத்தொன்றாம் நாள் கிரியைக்குப் போய் அதிபரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மாஸ்டர்" என்றார். அடுத்த தவணைப் பாட நேரசூசியில், ஒருவரும் விரும்பாத ஒன்பதாம் வகுப்பின் கடைசிப் பாடம் ஐந்து நாளும் எனக்கு வந்தது. அது தற்செயல் என்று வதனி சொல்கிறாள். செத்தவீடுகளுக்கு இப்போது அவள் தனியாக ஓட்டோவில்தான் போகிறாள். நான் போயே ஆகவேண்டிய உறவென்றால் படலைக்கு வெளியே நிறுத்தி, "வாயைத் திறக்கப்படாது" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிய பிறகே உள்ளே விடுகிறாள். வீட்டில் கரண்ட் போய் வந்தால் என் மகள் "உயிர் வந்திட்டுது!" என்று கத்துவாள். பக்கத்து வீட்டிலும் கத்துகிறார்கள். அந்த வீட்டுக்காரர் குடிவந்தே ஆறு மாதம்தான். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

போன மாதம் ஆசிரியர் கூட்டத்தில் கரண்ட் நின்றது. மின்விசிறிகள் அடங்கி, எல்லோரும் வியர்த்துக்கொண்டு இருந்தோம். கொஞ்ச நேரத்தில் விசிறி சுற்றத் தொடங்கியது. முழு மண்டபமும் என்னைப் பார்த்தது. நான் மேசையைப் பார்த்துக்கொண்டு வாயை இறுக்கி மூடியிருந்தேன்.

முன்னால் இருந்த அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"சொல்லுங்கோ மாஸ்டர்" என்றார். "எல்லாரும் உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கினம்."