சில நாள் மட்டும் நிற்கும் கல்

“புத்தகம் பாத்த கண் றோட்டுக்குச் சரிவராது, பிள்ளை,” என்றார் சித்தப்பா, நான் முதன்முதலில் ஸ்கூட்டியை எடுத்த அன்று. அவர் உழவு மெசின் ஓட்டுபவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். என்னிடம் சொல்லக்கூடிய கதையா அது?

பல வருடம் விழாமல் ஓட்டினேன். விடியலில் ஒட்டுசுட்டானுக்கு வேலைக்குப் போகும் வீதி கனவுபோல இருக்கும். குளமும் வானமும் ஒன்றாய்க் கரைந்து கிடக்கும். மரங்கள் பச்சைப் புகையாய் மிதக்கும். காட்டோரத்தில் ஒரு பெரிய கருங்கல். சில நாள் இருக்கும், சில நாள் இராது. (கல்லுக்கும் லீவு இருக்கும்போல என்று விட்டுவிட்டேன்.)

லைசென்ஸ் புதுப்பிக்கும் காலம் வந்தது. கண்ணைச் சோதித்துத் தரும் மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் புதுப்பிக்க முடியாது. லைசென்ஸ் போனால் வேலையும் போகும். எங்கள் ஊர் பஸ், நான் வேலை செய்யும் கந்தோர் திறந்து வெகுநேரத்துக்குப் பிறகுதான் போய்ச் சேரும்.

எங்கள் வீட்டுக்குப் பரீட்சை என்றால் எல்லாம் ஒன்றுதான். அம்மா இரண்டு புதுப் பேனைகளைப் பிள்ளையாரின் காலடியில் வைத்து எடுத்துத் தந்தா. கண் பார்ப்பதற்குப் பேனை எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை, படித்தவளான நான் உட்பட. நானோ பழைய வினாத்தாள் தேடினேன். முன்பே போய்வந்த பக்கத்து வீட்டு மச்சாள் எழுத்துகளை வரிவரியாய்ச் சொல்ல, குளிக்கும்போதும் பாடமாக்கினேன்.

“இடது கண்ணைப் பொத்துங்கோ,” என்றா டொக்டர்.

பொத்தினேன். எதிர்ச் சுவரில் வெள்ளையாய் ஒரு சதுரம் மிதந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். அறை அமைதியானது. பரீட்சையில் முழுப் புள்ளிதான் என்று நினைத்தேன்.

“பிள்ளை, அது கலண்டர். எழுத்துச் சாட் உங்கடை வலப்பக்கம்.”

நான் கண்ணைச் சுருக்கி அந்தச் சதுரத்தையே பார்த்தேன்.

“அதிலை என்ன படம் எண்டாவது தெரியுதோ?”

“முருகன்.” (கலண்டரில் வேறு யார் இருப்பார்?) “மயில் வடிவாத் தெரியுது, டொக்டர்.”

“அது உரக் கடைக் கலண்டர். நிக்கிறது உழவு மெசின்.”

பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதல் வரிசை வாங்கில் இருந்து படித்தவள் நான். அதனால் என் கண் மங்கல் அங்கேயும் பிடிபடவில்லை.

“கண்ணாடி போட்டுக்கொண்டு வாங்கோ. அதுவரைக்கும் கையெழுத்து வைக்கமாட்டன். ஸ்கூட்டியையும் தொடாதேங்கோ.”

இரண்டு கிழமை பஸ்ஸில் பிந்திப் போய்ப் பேச்சு வாங்கினேன். பிறகு கண்ணாடி வந்தது, கையெழுத்தும் கிடைத்தது. அடுத்த நாள் விடியலில் குளத்துக்குக் கரை இருந்தது. மரங்களில் இலைகள் தனித்தனியாய் அசைந்தன. என் பழைய கனவு கலைந்ததில் கொஞ்சம் கவலைதான். காட்டோரத்தில் கல் நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே அது ஒரு காதை ஆட்டியது.

ஸ்கூட்டியைத் திருப்பிய வேகத்தை எந்த லைசென்சும் அனுமதிக்காது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யானைக்குப் பெயர் கல். “உன்ரை கல்லு வயலுக்கை நிக்குது, வந்து கும்பிடு,” என்று சித்தப்பா எனக்குப் போன் எடுத்துச் சொல்லுவார். போன கிழமை பகிடிக்கு என் கண்ணாடியை வாங்கிப் போட்டவர், அதைக் கழற்றித் திரும்பப் போட்டு வயலைப் பார்த்தார்.

“வரம்பிலை நிக்கிறது கொக்கோ? உரப்பையெண்டெல்லோ நினைச்சனான்.”

அவருடைய லைசென்சும் முடியப்போகிறது. டொக்டரிடம் நேரம் எடுத்துவிட்டேன். நாளை விடிய என் ஸ்கூட்டியில், பின் சீற்றில் அவர். பிள்ளையாரின் காலடியில் இரண்டு புதுப் பேனைகளும் வைத்தாயிற்று.