ஒத்து மட்டும் ஊதிய கார்

"ஏட்டி, பிசிக்ஸு பிசிக்ஸுங்கியே, அதப் படிச்ச ஒனக்கு ஒரு ஆணிய நேரா அடிக்கத் தெரியுமா?"

இப்படிக் கேட்டவர் என் பெரியப்பா. திருவனந்தபுரம் ஆரியசாலையில் எங்கள் இரும்புக்கடைக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, வாடிக்கையாளர்கள் காதில் விழும்படிதான் கேட்டார். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை. ஆணி விற்கிறவர்கள், ஆணி வாங்க வருகிறவர்கள். நான் இரண்டிலும் சேராத மூன்றாவது வகை. இன்டர்மீடியட் பாஸ் செய்தவள்.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் ஒருவரும் கிடையாது. அப்பாவும் பெரியப்பாவும் கணக்கைத் தராசுத் தட்டில் கற்றவர்கள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒருத்தி காலேஜ் லாபரட்டரி வரை போய், மின்சார மணியை அடிக்க வைத்துவிட்டு வந்தால் எப்படி இருப்பாள்? என் தலைக்கனத்தைச் சுமக்கத் தனியாக ஒரு கூலியாள் வேண்டியிருந்தது. வீட்டில் யாராவது விளக்கை ஏற்றினால்கூட, எண்ணெய் ஏன் திரியில் ஏறுகிறது என்று விளக்குவேன். (ஒருவரும் கேட்டதில்லை.)

அந்தக் கோடையில் வீட்டின் முன் இரண்டு காரியங்கள் இருந்தன. ஒன்று, பெரியப்பா மகள் செல்லம்மையின் கல்யாணம். இன்னொன்று, நான் மேலே பி.எஸ்ஸி. படிப்பதா, இல்லையா என்பது. அப்பா எனக்குச் சாதகம்தான். ஆனால் எங்கள் வீட்டில் தீர்ப்புச் சொல்லும் உரிமை பெரியப்பாவுக்கு மட்டும்தான்.

இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டது ஒரு ரேடியோ. பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை, சீமைக்கே திரும்பிப் போவதற்காகச் சாமான்களை விற்றார். பெரியப்பா இரும்புக் கட்டில் வாங்கப் போனார். கட்டிலோடு, துரையின் காரிலிருந்து கழற்றிய ரேடியோ ஒன்றையும் வாங்கிக்கொண்டு வந்தார். கார் பாட்டரியில் ஓடும் ரேடியோ. கனத்த இரும்புப் பெட்டி, முகத்தில் இரண்டு திருகு, நடுவில் எண்கள் போட்ட கண்ணாடி. அதைக் கல்லாமேல் வைத்து என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள அழைப்புல இந்தப் பெட்டி நம்ம கார்ல நாயனம் வாசிக்கணும். வாசிச்சா நீ காலேஜுக்குப் போ. வாசிக்கலேன்னா அடுப்படிக்குப் போ. என்னட்டி சொல்லுக?"

"இது ஒரு வேலையா பெரியப்பா?" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றும் என் காதை நானே திருகிக்கொள்வதுண்டு.

மாப்பிள்ளை அழைப்பன்று காலையில் காரின் முன் நின்றேன். பெரியப்பாவின் கார் கறுப்பு நிறம், அமெரிக்கத் தயாரிப்பு, கட்டைவண்டி அகலம். அதன் டிரைவர் குட்டன் பிள்ளை மலையாளி, என்னைக் குஞ்ஞே, அதாவது குழந்தாய், என்றுதான் கூப்பிடுவார். ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை அந்தக் காருக்குச் சந்தனமும் குங்குமமும் சாத்திச் சாத்தி, கல்யாணப் பெண்ணைவிட அதிகமாக அலங்கரித்து வைத்திருந்தார். முன் கண்ணாடிக்குக் கீழே, முன்பலகையின் நடுவில் பத்மநாப சாமி, பிள்ளையார், ஆற்றுக்கால் அம்மை என்று மூன்று படங்கள் வரிசையாக ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தன.

துரை ரேடியோவோடு கொடுத்த ஆங்கிலக் குறிப்புப் புத்தகத்தின் முதல் வரி: முதலில் பாட்டரி வயரைக் கழற்று. இரண்டாவது வரி: துளை போடுமுன் முன்பலகைக்குப் பின்னால் என்னென்ன வயர் ஓடுகிறது என்று பார். மூன்றாவது வரி: ரேடியோவை முன்பலகையின் நடுவில் பொருத்து.

பாட்டரி முன் சீட்டில் உட்காருகிறவர் காலடியில், தரைப் பலகைக்குக் கீழே இருந்தது. தரைப் பலகையைத் தூக்கியதும் குட்டன் பிள்ளை ஓடி வந்தார்.

"குஞ்ஞே, எந்தா செய்யுன்னது?"

"பாட்டரி வயரக் கழட்டணும்."

"அய்யோ! கல்யாண வீட்டுல, நல்ல திவசத்துல வண்டிக்க ஜீவன எடுக்கவா? அது வேண்டா கேட்டோ."

முதல் வரி அத்தோடு போயிற்று.

இரண்டாவது வரிக்கு நான் காருக்குள் மல்லாந்து படுத்து, தலையை முன்பலகைக்கு அடியில் நுழைத்து, கால்களைத் தெருவில் நீட்ட வேண்டும். பந்தல்காரர்கள், சமையல்காரர்கள், பாதித் தெரு, எல்லோரும் வாசலில். பெரியம்மா வாசற்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்: "கல்யாண வீட்டுல பொம்பளப்புள்ள காருக்குள்ள கால நீட்டிக்கிட்டுக் கெடக்கப் போறாளா?" எனக்கும் கௌரவம் உண்டு. நிமிர்ந்து நின்று, கையை மட்டும் பலகைக்குப் பின்னால் விட்டுத் தடவிப் பார்த்தேன். ஏதோ வயர் தட்டுப்பட்டது. பிசிக்ஸ் படித்தவள் தொட்டால் வயர் தானாக விலகிக்கொள்ளும் என்று நினைத்தேனோ என்னவோ, மேற்கொண்டு ஆராயவில்லை.

மூன்றாவது வரியைச் சாமிகள் அனுமதிக்கவில்லை. நடுவில் பத்மநாபர் சயனித்திருந்தார். அவரை எழுப்பி வேறு இடத்தில் படுக்க வைக்கத் திருவனந்தபுரத்தில் யாருக்குத் தைரியம் வரும்? ஆகவே ரேடியோவை வலப்பக்கம் தள்ளி, ஸ்டீயரிங் தண்டை ஒட்டிப் பொருத்த முடிவு செய்தேன்.

ரேடியோவோடு வந்த சிறு ஸ்குருக்களைப் பார்த்துப் பெரியப்பாவுக்கு மனம் பொறுக்கவில்லை.

"இது என்ன, மூக்குத்தித் திருகாணியா? இரும்புக்கடைக்காரன் வீட்டுல இத மாட்டுனா சம்பந்தி என்ன நெனப்பாவ?" என்று கடைக்கு ஆளனுப்பி, கதவு நிலைக்குப் போடுகிற பெரிய ஸ்குருக்களை வரவழைத்தார். "நம்ம கட சாதனம். பூமி இருக்கது வர இருக்கும்."

நீளம் அதிகமென்று எனக்குத் தெரிந்தது. ஆனால் பி.எஸ்ஸி. அவர் கையில் இருந்தது. திருப்புளியைப் பிடித்து முறுக்கினேன். கடைசிச் சுற்றில் எதையோ உரசியதுபோல் இருந்தது. இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

காரில் ஏறும் படிக்குக் கீழே ஏரியலுக்காகச் செம்புக் கம்பி இழுத்தேன். பாட்டரியிலிருந்து வருகிற ஒரு வயரோடு ரேடியோவை இணைத்தேன். திருகைத் திருப்பியதும் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் வந்தது. சிறிது நேரம் கழித்து ஒரு ரீங்காரம் கேட்டது. மத்தியான வேளையில் திருச்சி ரேடியோ நிலையம் எட்டாது, பொழுது சாய்ந்தால்தான். ஆனால் அந்த ரீங்காரத்துக்கே தெரு கைதட்டியது. கூட்டத்தை நோக்கி நான் ஒரு சிறு பிரசங்கம் செய்தேன்: "வால்வு சூடேற வேண்டும். உடனே பாடாது. கொஞ்சம் பொறுமையாக இருந்தால் நாயனம் வரும்." பெரியப்பா இதை மனப்பாடம் செய்துகொண்டார். பின்னால் வந்த விபரீதத்துக்கு அந்த மனப்பாடமும் ஒரு காரணம்.

சாயங்காலம். சாலைக் கடைத்தெரு முனையில் இருந்த சத்திரத்திலிருந்து மாப்பிள்ளை புறப்பட்டார். நாகர்கோவில் பக்கத்துப் பையன், நல்ல சிரித்த முகம். பின் சீட்டில் அவரும் தோழர்களும். முன் சீட்டில் குட்டன் பிள்ளை, நடுவில் பெரியப்பா, இடப்பக்க ஜன்னலோரம் மாப்பிள்ளையின் அப்பா. அவருக்குக் காது அநேகமாகக் கேட்காது. அதனால் எல்லோருக்கும் அப்படித்தான் என்று எண்ணி உரக்கப் பேசுவார். அவர் காலடியில்தான் பாட்டரி.

நான் அந்த ஜன்னலை ஒட்டி, பழத் தாம்பாளத்தை ஏந்தி நடந்தேன். காருக்கு முன்னால் நாயனக் கோஷ்டி. தெருத் திருப்பம் வந்ததும் பெரியப்பா அவர்களைக் கையமர்த்தினார். "இனி நீங்க வாசிக்கண்டாம். ரேடியோ வாசிக்கும்." நாயனக்காரர் குழலைத் தாழ்த்தி என்னைப் பார்த்த பார்வையில் தாம்பாளத்து வாழைப்பழம் கறுத்திருக்க வேண்டும்.

"வலப் பக்கத் திருக ஒரு சுத்து சுத்துங்க பெரியப்பா," என்றேன், சம்பந்தியின் மடிக்கு மேலாக எட்டி.

பெரியப்பா சுற்றினார். அதே நொடியில் கார் ஒரு குழியில் இறங்கி ஏறியது.

"பாஆஆஆஆம்."

நாகசுரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் ஒரே சுரத்தை விடாமல் ஊதுவாரே, ஒத்து, அசல் அதேபோல ஒரு சத்தம். கூட்டம் மெய்ம்மறந்து நின்றது. பெரியப்பா முகம் மலர்ந்து ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"ஒத்து பிடிக்கான். வால்வு சூடாகணும். இனி நாயனம் வரும்!"

நாங்கள் காத்திருந்தோம். கார் நகர்ந்தது. ஒத்து தொடர்ந்தது. துணிக்கடைகள் கடந்தன, நாயனம் வரவில்லை. அரிசி மண்டிகள் கடந்தன, வரவில்லை. ஒரு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கடைவாசலில் நின்ற ஒருவர் கேட்டார்: "அண்ணாச்சி, இது எந்த ஊரு வித்வான்?"

"திருச்சி! பொறும், பொறும். இனி நாயனம் வரும்!"

நான் தாம்பாளத்தோடு ஜன்னலுக்குள் காதை நீட்டினேன். அந்தச் சத்தம் ரேடியோப் பெட்டியிலிருந்து வரவில்லை. காரின் மூக்கிலிருந்து வந்தது.

"பெரியப்பா, திருகத் திருப்பி அணைச்சிருங்க!"

அணைத்தார். மஞ்சள் வெளிச்சம் போயிற்று. ஒத்து போகவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் பழங்களைப் பார்த்தேன்.

ஹாரன் பித்தானை அழுத்தினால் ஒரு வயர் வண்டியின் இரும்போடு சேரும். சேர்ந்தால் ஹாரன் ஊதும். அந்த வயர்தான் ஸ்டீயரிங் தண்டை ஒட்டி ஓடியது. பெரியப்பாவின் கதவுநிலை ஸ்குரு அதன் தோலைக் காலையிலேயே உரசி வைத்து, குழியில் இறங்கியபோது உள்ளே புகுந்து, ஹாரன் பித்தானை நிரந்தரமாக அழுத்திப் பிடித்துக்கொண்டது. நம்ம கடை சாதனம். பூமி இருப்பது வரை இருக்கும்.

"பாட்டரி வயரக் கழட்டுங்க!" என்று கத்தினேன்.

குட்டன் பிள்ளை வண்டியை நிறுத்தி, சம்பந்தியின் கால்களை வணக்கத்தோடு தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பலகையைத் திறந்தார். பாட்டரி முனையில் வருஷக்கணக்கான சந்தனம் பாறையாக இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினார். பத்மநாபரைக் கூப்பிட்டார். ஒன்றும் அசையவில்லை. கழற்றக் கருவி வேண்டும். ஊரிலேயே பெரிய இரும்புக்கடைக்காரரின் காரில் ஒரு திருப்புளி கிடையாது.

அப்போது முன்னால் நின்ற ஒத்துக்காரர், தன் பிழைப்பை ஒரு கார் பறித்துக்கொண்டதை உணர்ந்து, குழலை உறையில் போட்டார். நாயனக்காரர் தலையைச் சாய்த்து ஹாரனைச் சிறிது நேரம் கேட்டார்.

"சுருதி கொஞ்சம் கூடுதல்தான்," என்றார். "ஆனா விடாம நிக்குது. ஓய், தவில எடும்."

ஹாரனின் சுருதிக்கே வாசிக்க ஆரம்பித்தார். ஆவேசமாக வாசித்தார். ரேடியோவின் மேல் இருந்த கோபம் முழுவதும் அதில் இருந்தது. எல்லோரும் காத்திருந்த நாயனம் கடைசியில் வந்தேவிட்டது. ஊர்வலம் மறுபடி நகர்ந்தது. பாட்டரி இறங்க இறங்க ஹாரனும் இறங்கியது. "சுருதி எறங்குதே, கொஞ்சம் ஏத்தச் சொல்லும்மா!" என்று அவர் நடுநடுவே திரும்பி என்னைக் கண்டித்தார். எங்கள் தெருவை நெருங்கும்போது ஹாரன் ஒரு முனகலோடு அடங்கியது. மெதுவாகப் போனதில் எஞ்சினும் நின்றது. உயிர் கொடுக்கப் பாட்டரியில் ஒன்றும் மிச்சமில்லை. மாப்பிள்ளை சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீரோடு இறங்கி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, "தள்ளுவோம்" என்றார். தன் மாப்பிள்ளை அழைப்புக் காரைத் தானே தள்ளிக்கொண்டு வந்த மாப்பிள்ளையை ஆரியசாலை அதற்கு முன் பார்த்ததில்லை. மண் படிந்த கையோடு ஆரத்திக்கு நின்றார்.

பெரியப்பா என்னைத் தாண்டிப் போகும்போது ஒரே ஒரு சொல் சொன்னார்.

"அடுப்படி."

பந்தி பரிமாறும்போது நான் உப்பு வைத்துக்கொண்டு வந்தேன். கண் கலங்கியதில் ஒரே இலையில் இரண்டு முறை வைத்தேன். அப்போது சம்பந்தி எப்போதும்போல் உரக்கக் கேட்டார்:

"ஓய், அந்த ரேடியோவ மாட்டுனது யாரு?"

பெரியப்பா கை குழம்பிலேயே நின்றது.

"காது அடஞ்ச பெறவு இன்னைக்குத்தான் வேய் நான் ஒரு நாயனத்த ஒத்தோட சேத்துக் கேட்டேன்! நெஞ்சுக்குள்ள எறங்கிச்சு! யாரு மாட்டுனது?"

அது ரேடியோ இல்லை, ஹாரன் என்று சொன்னால் மானம் போகும். என்னைக் காட்டினால் தீர்ப்பு போகும். பெரியப்பா தராசுத் தட்டு இரண்டையும் பார்ப்பதை நானும் பார்த்தேன். பிறகு தொண்டையைச் செருமினார்.

"நம்ம புள்ளதான். பிசிக்ஸு படிக்கா. மேல... பி.எஸ்ஸி.க்குப் போறா."

"என்னது?"

"பி.எஸ்ஸி.க்குப் போறாஆஆ!" என்று பெரியப்பா, தெரு முழுக்கக் கேட்கும்படி, தன் வாயாலேயே கத்தினார். நான் மூன்றாவது முறையும் அதே இலையில் உப்பு வைத்தேன்.

படித்து முடித்து, இப்போது அதே காலேஜ் லாபரட்டரியில் டெமான்ஸ்டிரேட்டராக இருக்கிறேன். வீட்டிலோ என் பட்டம் வேறு. மழை பெய்யாவிட்டால், பஸ் வராவிட்டால், பால்காரர் தாமதித்தால், யாராவது ஒருவர் "இனி நாயனம் வரும்" என்று சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலில் "பாஆஆம்" என்பார்கள். செல்லம்மையின் மகனுக்கு இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை. அந்த "பாஆஆம்" மட்டும் வருகிறது.

நாளை மறுநாள் பெரியப்பாவின் இளைய மகளுக்கு மாப்பிள்ளை அழைப்பு. புதுக் கார். அதே பொன்முடி ரேடியோ. செல்லம்மையின் மாமனாரான அந்தப் பழைய சம்பந்தி நேற்றே வந்துவிட்டார், முன் சீட்டு தனக்குத்தான் என்கிறார். இன்று காலை பெரியப்பா கடையிலிருந்து நீளமான ஸ்குரு ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். குட்டன் பிள்ளை பின்னாலேயே, "குஞ்ஞே, ஜீவன எடுக்கப்பிடாது" என்று ஓடி வந்தார்.

இருவரும் வந்தபோது பார்த்தது, காருக்கு வெளியே தெருவில் நீட்டியிருந்த என் கால்கள் இரண்டையும்தான். பாட்டரி வயரை நான் அதற்கு முன்பே கழற்றிவிட்டிருந்தேன்.