நீலக் கிண்ணத்துக்கு ஆறு அம்மாக்கள்

இளஞ்சிவப்பு என்று முன்ஜி குறித்துவைத்திருந்த கிண்ணம் ஒன்றுகூடப் பலகையில் இல்லை. சூளைக் கொட்டகையிலிருந்து அவனே சுமந்து வந்த பலகைதான். எல்லாம் பச்சையும் நீலமுமாக வெந்து உட்கார்ந்திருந்தன. வேகும்போது பூச்சு நிறம் மாறும் என்பது நபூல் ஊரில் பூனைக்குக்கூடத் தெரியும். தூனிஸிலிருந்து படம் எடுக்க வந்த முன்ஜிக்குத் தெரியவில்லை.

போன வாரம் முகத்தோடு எடுத்திருந்தால் பிழைத்திருப்பான். மண்பாண்ட வகுப்புக்கு வந்த ஆறு பெண்களும் மறுத்துவிட்டார்கள்.

"முகம் வேண்டாம் தம்பி. மாமியாரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்," என்றாள் ஷாத்லியா.

ஆக, அவன் படங்களில் இருந்தவை ஆறு ஜோடிக் கைகளும் வேகாத கிண்ணங்களும்தான்.

வகுப்பு நடத்தும் ரஃபீக்கா எட்டிப் பார்த்தாள். "நாலு மணிக்குக் கண்காட்சி. யாரு செஞ்சது எந்தக் கிண்ணம்னு சுவர்ல படத்துக்குக் கீழே பேர் மாறிச்சுன்னா, அடுத்த வகுப்புக்குப் படமெடுக்க வேற ஆளைப் பார்த்துப்பேன்."

மூன்று மாதமாக அவனுக்கு இதைத் தவிர வேறு வேலை இல்லை.

படத்தில் கைகளில் மருதாணி இருந்தது. அதை வைத்துக் கண்டுபிடிக்கலாமென்று எல்லோரையும் கை நீட்டச் சொன்னான். எல்லாம் வெளுத்துப் போயிருந்தன.

"கைரேகையும் பார்ப்பியா தம்பி? என் பையனுக்கு எப்போ கல்யாணம்னு பாரு," என்று தலீலா கையை அவன் மூக்குக்கே கொண்டுவந்தாள். பின்னால் ஐந்து பேர் வரிசை கட்டினார்கள்.

தப்பித்தால் போதுமென்று நேராகவே கேட்டான். "அக்கா, இதுல உங்களுது எது?"

மீன் வரைந்த ஒரு நீலக் கிண்ணம்தான் அங்கே கோணாமல் நின்றது. ஆறு கைகளும் அதன் மேலேயே விழுந்தன.

"இந்தப் பள்ளம் என் கட்டைவிரல்! பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றாள் ஷாத்லியா.

"வெச்சுக் காட்டுங்க."

விரல் பாதிகூட நுழையவில்லை.

"சூளையில சுருங்கிடுச்சு," என்றாள் அசராமல்.

"மீன் நான் வரைஞ்சது, வல்லாஹி, அல்லா மேல சத்தியம்!" என்று தலீலா பாய்ந்தாள்.

"நீ வரைஞ்சது மீனா? செருப்புன்னுல்ல நினைச்சேன்!" என்றாள் ஷாத்லியா.

தலைத்துணி அவிழும் நிலைக்குச் சண்டை போகுமுன், ஆறு பேரையும் தனித்தனியே அதே கிண்ணத்தோடு நிறுத்திப் படமெடுத்தான். தங்கள் கைவண்ணத்தைக் கண்ட பெருமையில் இப்போது எல்லோரும் முகத்தைக் காட்டிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள்.

"என் மாமியாருக்கும் ஒரு படம் போடு தம்பி!" என்றாள் ஷாத்லியா.

நாலு மணிக்குச் சுவரில் ஆறு முகம், ஆறு பேர், ஒரே கிண்ணம். ரஃபீக்கா ஒவ்வொரு படமாக விரல் வைத்து எண்ணிப் பார்த்தாள். முன்ஜி கேமராவைப் பைக்குள் வைக்க ஆரம்பித்தான்.

சூளைக்கார ஹாதி கரி படிந்த கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"ஏம்பா, அந்தப் பலகையை யாரு தூக்கிட்டு வந்தது? அது பாலர் பள்ளிப் பிள்ளைங்க செஞ்சது; இவங்களோடதெல்லாம் இன்னும் சூளைக்குள்ள ஆறிட்டிருக்கு!"