போச்சு மெக்கானிக்கும் மாப்பிள்ளைக் காரின் கதவும்

அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் அவரைப் போல நம்பிக்கையற்ற மனிதர் ஒருவர் கிடைக்கமாட்டார். அவருடைய பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. எந்த வண்டியைக் காட்டினாலும் முதல் வார்த்தை "போச்சு" என்பதால் அவர் போச்சு மெக்கானிக். சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனால்கூட, "டியூபு போச்சு தம்பி, இனிமே ரிம்மும் போச்சு" என்று துக்கம் விசாரிக்கிற முகத்தோடு சொல்வார். மோட்டார் சைக்கிளை அவரிடம் காட்டிய ஒரு வாத்தியார், திரும்பும் வழியிலேயே அதை விற்றுவிட்டு பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தார்.

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணுக்கு ஊர் மீன்சுருட்டி. மாப்பிள்ளை காரில்தான் வந்து இறங்க வேண்டும், பெண்ணின் அண்ணன் கதவைத் திறந்து மாலை போட்டுக் கைபிடித்து அழைத்துப் போவார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் இருந்ததோ பெரியப்பாவின் கிழட்டு பிளஷர் கார். வெள்ளைக்காரன் விட்டுப் போனது. அதன் பின்பக்க இடது கதவு ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இழுத்தால் வராது, வந்தால் மூடாது. ஊர் கூடி நிற்கிற இடத்தில் அது மச்சான் கையோடு பிய்ந்து வந்தால் என் மானம் என்னாவது? பெரியப்பாவையும் ஏற்றிக்கொண்டு போச்சிடம் ஓட்டிப் போனேன்.

கதவின் நுனியைப் பிடித்துத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"போச்சு தம்பி."

"கீல் தேஞ்சிருச்சாண்ணே?"

"கீலு தேஞ்சா கதவு மட்டுந்தான் ஆடும். இங்க கதவு மாட்டியிருக்குற தூணும் சேந்து ஆடுது பாருங்க. அடியில பாடி உளுத்துப் போச்சு."

"வெல்டிங் வச்சா?"

"அதுக்கு இரும்பு வேணுமே? இங்க பெயிண்டுதான இருக்கு!"

எங்கள் இருவரையும் உள்ளே உட்காரச் சொல்லி, கதவிடுக்கில் விரலை விட்டு நாடி பார்த்தார். ஏறினால் இடுக்கு இறுகியது, இறங்கினால் விரிந்தது. "ஆளு ஏறுனா நடுவுல தொங்குது, கதவு மாட்டிக்குது. டிரைவரும் நீங்களும் மட்டும் போங்க. மூணாவது ஆளு ஏறுனா போச்சு" என்றார். யாரும் ஏறிவிடக் கூடாதென்று வலப்பக்கக் கதவைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டியும் விட்டார்.

எல்லாம் சரி, இதை என் அத்தையிடம் யார் சொல்வது?

"ஒன்ன இடுப்புல தூக்கி வளத்தவ லாரியில வரணுமாடா?" என்று கேட்டபடியே கல்யாணத்தன்று அத்தை ஏறினாள். கூடவே அவள் பிள்ளைகள், வாழைத்தார், தேங்காய் மூட்டை. கடைசியாக நான். டிரைவர் கதவை உதைத்துச் சாத்தினார்.

மீன்சுருட்டியில் மேளம் முழங்கியது. ஆரத்தித் தட்டு காத்திருந்தது. மச்சான் மாலையோடு வந்து கதவை இழுத்தார். கதவு வரவில்லை. காலை முட்டுக்கொடுத்து இழுத்தார். வண்டிதான் ஆடியது. முன்சீட்டைத் தாண்டி இறங்கலாம் என்றால், பட்டு வேட்டியோடு சீட்டேறிக் குதித்த மாப்பிள்ளையை எந்த ஊர் மதிக்கும்? நாதஸ்வரக்காரர் வாசித்ததையே திரும்ப வாசித்தார். "மாப்ள எறங்க மாட்டேங்குறாராம், கோவமாம்!" என்று கூட்டத்தில் எவனோ கிளப்பிவிட, மாமனார் முகம் கறுத்தது. "சகுனமே சரியில்லயே" என்று அத்தை தன் பங்குக்கு ஆரம்பித்தாள். இத்தோடு கல்யாணம் நின்றது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அப்போதுதான் கேட்டது அந்தக் குரல்.

"போச்சு! நான் அப்பவே சொன்னனே, போச்சு!"

யாரும் அழைக்காமலே பஸ் பிடித்து வந்திருந்தார் மனிதர். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டிக்கடியில் தோளைக் கொடுத்தார். "தவில்காரரே, இங்கன புடிங்க! சமையக்காரரே, நீங்க அங்கன!" எல்லோரும் சேர்ந்து அடியிலிருந்து தூக்க, அவர் "போச்சு... போச்சு..." என்று முனகிக்கொண்டே தூக்க, இடுக்கு மெல்ல விரிந்தது. மச்சான் தொட்டதும் கதவு திறந்துகொண்டது.

பந்தியில் மாமனார் சும்மா இருக்காமல், "எங்க மாப்ள எப்புடிங்க?" என்று அவரிடமே கேட்டு வைத்தார். வேட்டி முழுக்கக் கிரீஸும் தோளில் ரத்தக் கீறலுமாக அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாப்போம்" என்றார்.

அவர் வாயிலிருந்து அதைவிட நல்ல வார்த்தையை எங்கள் ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

கை கழுவும் இடத்தில், "கூப்புடாமயே வந்துட்டீங்களேண்ணே" என்றேன்.

"சொன்ன பேச்ச நீங்க கேக்க மாட்டீங்கன்னு தெரியும் தம்பி. தூக்கமே வல்ல."

எனக்காக அப்படிப் பயந்த மனிதர் அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவே இல்லை.